கோதுமையின் மூன்றாவது மரபணு

அன்புள்ள தேன்மொழி,

கோதுமையில் மாவுச்சத்தை உண்டாக்கும் மரபணு எது என்று கேட்டிருந்தாய். ஒன்றைச் சுட்டிச் சொல்ல முடியாது. பால் பிடிக்கும் மணிக்கு இலையிலிருந்து சர்க்கரை வந்து சேர்கிறது. சில கட்டங்களைக் கடந்து அது ஏடிபி-குளுக்கோஸ் (ADP-glucose) என்ற சேர்மம் ஆகிறது. அதைக் கண்ணி கண்ணியாகக் கோத்துச் சங்கிலியாக்குகின்றன சில நொதிகள். அந்தச் சங்கிலியில் கிளை வைக்கின்றன வேறு சில. கிளை அநேகமாக இல்லாதது அமைலோஸ், அடர்ந்து கிளைத்தது அமைலோபெக்டின். சாதாரணக் கோதுமை மாவுச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு அமைலோஸ், மீதி அமைலோபெக்டின். இந்த நொதிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மரபணு உண்டு.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் சின்னதாக இருந்திருக்கும். ரொட்டிக்கும் சப்பாத்திக்கும் ஆகும் கோதுமை, மூன்று புல்லினங்களின் மரபுத்தொகுதிகள் கலந்து பிறந்த பயிர். அவற்றை ஏ, பி, டி என்கிறார்கள்; மொத்தம் 42 குரோமோசோம்கள். ஆகவே பெரும்பாலான மரபணுக்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் வேலையைப் பார்த்துக்கொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது. அமைலோஸ் அற்ற நெல்லும் மக்காச்சோளமும் வெகுகாலமாக வழக்கில் இருந்தும் அப்படியொரு கோதுமை மட்டும் அகப்படாமல் போனதற்கு இதுதான் காரணம்.

அமைலோஸை உண்டாக்கும் நொதிக்குரிய மரபணுவுக்கு 'வாக்ஸி' என்று பெயர். அதன் மூன்று படிகளில் (நகல்களில்) இரண்டு 7ஏ, 7டி குரோமோசோம்களில் இருக்கின்றன. 7பியில் இருக்க வேண்டிய மூன்றாவது, எப்போதோ நடந்த இடமாற்றத்தால் 4ஏவில் போய் உட்கார்ந்திருக்கிறது. அமைலோஸ் சற்றுக் குறைந்த மாவில் உடோன் நூடுல்ஸ் மென்மையாக வரும் என்பதால் ஜப்பானியருக்கு இதில் தனி அக்கறை. அவர்களிடம் 'கான்டோ 107' என்ற கோதுமை இருந்தது; அதில் ஏ, பி படிகள் இரண்டுமே செயலிழந்தவை. அமைலோஸை முற்றிலும் நீக்க, டி படி செயலிழந்த கோதுமையும் தேவை. ஏறத்தாழ 2,000 வகைகளைச் சோதித்ததில் 'பாய் ஹுவோ' என்ற சீனக் கோதுமை ஒன்றே ஒன்றுதான் அப்படிக் கிடைத்தது. ஜப்பானிய ஆய்வாளர்களான நகமுரா, யமமோரி குழுவினர் இரண்டையும் கலந்து, அமைலோஸ் அற்ற கோதுமையை 1995இல் அறிவித்தார்கள்.

நீ பாடத்தில் படித்த மெண்டல் கணக்கை இங்கே போட்டுப் பார். முதல் தலைமுறைச் செடியில் மூன்று இடங்களிலும் ஒரு நல்ல படி, ஒரு பழுது. அதைத் தன்மகரந்தச் சேர்க்கையில் விட்டால், ஓரிடத்தில் இரண்டுமே பழுதாக அமைய வாய்ப்பு நான்கில் ஒன்று. மூன்றிடத்திலும் அமைய 64இல் ஒன்று. அந்த மணியை எப்படி அடையாளம் காண்பது? வெட்டி அயோடின் விட்டால் போதும். மற்றவை கருநீலமாகும், இது செம்பழுப்பாக நிற்கும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், புதிதாக எந்த மரபணுவையும் செய்யவில்லை என்பதுதான். மூன்று பழுதுகளும் ஏற்கெனவே வயல்களில் இருந்தவை. பழுதைத் தேடி அலைய ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவே.

மரபணு இருந்தால் மட்டும் போதாது, உரிய நேரத்தில் விழிக்கவும் வேண்டும். இலையிலும் இதே மரபணுக்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் மணியில் குவிவதுபோல அங்கே மாவுச்சத்து குவிவதில்லை. மணியில், பூத்த சில நாட்களில் பெரிய மாவுச்சத்துத் துகள்கள் உருவாகத் தொடங்கும், சிறியவை பின்னால் வரும். இப்படி ஒரு மரபணுவை எப்போது, எவ்வளவு படியெடுப்பது என்று ஆட்டுவிக்கும் புரதங்களுக்குப் படியெடுத்தல் காரணிகள் என்று பெயர். என்ஏசி019 என்ற காரணி கோதுமை மணியில் மாவுச்சத்தையும் குளூட்டெனின் புரதத்தையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. ஆர்எஸ்ஆர்1 என்ற இன்னொரு காரணி மாவுச்சத்து மரபணுக்களுக்குத் தடை போடுவது. முதலில் நெல்லில் கண்டறியப்பட்டது.

மரபணுவுக்கு மேலே வெயிலும் ஒரு அதிகாரி. சங்கிலி கோக்கும் நொதிகளில் ஒரு பிரிவு வெப்பம் தாங்காதது. மணி பால் பிடிக்கும் நாட்களில் சூடு ஏறினால் அது தளர்ந்துவிடும். சர்க்கரை வந்து சேர்ந்தும் மணி சூம்பிப்போகும். 2022 மார்ச்சில் வட இந்தியாவில் வீசிய அனல் சரியாக அந்த நாட்களில்தான் வந்தது. மே மாதம் இந்தியா கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிளை வைக்கும் நொதி குறைந்தால் என்ன ஆகும் என்றும் கேட்பாய். மெண்டலின் சுருங்கிய பட்டாணி அப்படிப்பட்டதுதான். அந்த நொதிக்குரிய மரபணுவுக்குள் வேறொரு டிஎன்ஏ துண்டு புகுந்திருந்ததை 1990இல் கண்டார்கள். கோதுமையிலும் இந்த வகை நொதி ஒன்றை அடக்கி, அமைலோஸை 70 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனதாக ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனம் 2006இல் காட்டியது. அந்த மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிறது. உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அத்தகைய கோதுமையில் மொத்த மாவுச்சத்தும் மணியின் எடையும் குறைந்துவிடுகின்றன. கூடுதல் விலை கிடைக்காமல் எந்த விவசாயி அதை விதைப்பார்?

அன்புடன்,
மாமா