வார்த்தையை வாக்கியத்தோட பிடி

இடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, வலது பக்கம் தமிழ் அர்த்தம், நடுவுல ஸ்கேல் வெச்சு ஒரு கோடு. அந்த நோட்டை முதல்ல மூடி வைம்மா. பரீட்சையில 'பொருத்துக'வுக்கு அது போதும். நாலு வரி மெயில் எழுத உட்கார்ந்தா கை நின்னுடும். ஏன்னா, ஒரு வார்த்தைக்கு முன்னாடி என்ன வரும், பின்னாடி என்ன வரும்னு அந்த நோட்டுல எங்கேயும் இல்லை. டிக்ஷனரியில அர்த்தத்துக்குக் கீழே இருக்கிற உதாரண வாக்கியத்துலதான் அது இருக்கு. நாமதான் அர்த்தம் கிடைச்சதும் புத்தகத்தை மூடிடறோம்.

வீட்டுல இருக்கிற லிப்கோ டிக்ஷனரியைத் தூக்கிப் போடச் சொல்லலை. படிக்கிறப்ப சட்டுனு அர்த்தம் தெரிய அது நல்லது. எழுதவும் பேசவும் 'லேர்னர்ஸ் டிக்ஷனரி' வேணும். ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மன், கேம்பிரிட்ஜ் மூணையுமே நெட்ல காசில்லாமப் பார்க்கலாம். இதெல்லாம் நம்மள மாதிரி வெளியில இருந்து இங்கிலீஷ் கத்துக்கிறவங்களுக்காகப் போட்டது. ஆக்ஸ்ஃபோர்டோட முதல் வடிவம் 1942-ல ஜப்பான்லதான் வந்துச்சு. அங்கே இங்கிலீஷ் வாத்தியாரா இருந்த ஹார்ன்பி தலைமையில தயாரானது. லாங்மன்ல சுமார் 2000 எளிய வார்த்தைகளை வெச்சே எல்லா விளக்கத்தையும் எழுதியிருப்பாங்க. தமிழ் மீடியத்துல படிச்ச உனக்கு அது தாராளமாப் புரியும்.

'டிஸ்கஸ்'னு தேடு. உதாரணங்கள்ல அதுக்கு அடுத்து நேரா விஷயம் வந்துடும், 'அபௌட்' வந்து ஒட்டாது. 'அட்வைஸ்' பக்கத்துல 'அன்கவுன்டபிள்'னு ஒரு குறிப்பு இருக்கும். அப்படின்னா 'அட்வைசஸ்' கிடையாது, 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்'தான். ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷனும் அதே கேஸ். கிராமர் புத்தகத்துல தனியா மனப்பாடம் பண்றதை இங்கே போற போக்குல பிடிச்சுடலாம்.

அடுத்தது உன் வேலை. உன் சொந்த வாக்கியம் ஒண்ணு எழுது. 'ஷி இஸ் ரிலக்டன்ட்'னு எழுதினா அது வாக்கியமே இல்லைன்னு நான் சொல்லுவேன். அந்த வார்த்தையை விரலால மறைச்சுப் பாரு: ஹாப்பி, டால், டயர்ட் எதை வேணும்னாலும் போடலாம். 'அப்பா இஸ் ரிலக்டன்ட் டு கிவ் மீ ஹிஸ் பைக் பிகாஸ் ஐ ஃபெல் ஃப்ரம் இட் ட்வைஸ்'னு எழுது. இப்ப மறைச்சாலும் அப்பாவுக்கு மனசில்லைன்னு புரியுது. வார்த்தைக்குப் பின்னாடி 'டு' வரும்ங்கிறதும் சேர்ந்து பதிஞ்சுடும். நம்ம வீட்டு ஆளுங்க, சண்டை, கரண்ட் கட் எல்லாம் வாக்கியத்துல வரட்டும். யாருக்கும் காட்ட வேண்டாம்.

எந்த வார்த்தை? எல்லாரும் முதல்நாளே ஹிந்து தலையங்கத்தைப் படின்னு சொல்லுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. விளையாட்டுப் பக்கத்துல ஆரம்பி. ராத்திரி பார்த்த மேட்ச்தானே, என்ன நடந்துச்சுன்னு தெரியும், தெரியாத வார்த்தையைக் கூட ஊகிச்சுடலாம். ஒரே வார்த்தை ரெண்டாவது தடவை கண்ணுல பட்டா மட்டும் குறிச்சுக்கோ. 'ஆக்ஸ்ஃபோர்டு 3000'னு முக்கியமான வார்த்தைகளோட பட்டியல் ஒண்ணு இருக்கு, அதுல இருந்தா முதல் மரியாதை. போட்டித் தேர்வு கைடுல வர்ற வாயில நுழையாத வார்த்தைங்க அப்புறம் வரட்டும்.

மறக்கத்தான் செய்யும். அதுக்கு லைட்னர்னு ஒருத்தர் 1972-ல ஜெர்மன் மொழியில எழுதின புத்தகத்துல ஒரு பெட்டி முறை சொல்லியிருக்கார். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டினா நல்ல கெட்டி அட்டை கிடைக்கும். ஒரு பக்கம் கோடிட்ட இடத்தோட உன் வாக்கியம், மறுபக்கம் வார்த்தை. மூணு டப்பா வை. முதல் டப்பாவை தினமும், ரெண்டாவதை மூணு நாளைக்கு ஒருக்கா, மூணாவதை வாரம் ஒருக்கா எடு. சரியாச் சொன்னா அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். தப்பாச் சொன்னா எந்த டப்பாவுல இருந்தாலும் முதலுக்குத் திரும்பும். கிட்டத்தட்ட இதே மாதிரி செய்ற 'ஆன்கி' ஆப் ஆண்ட்ராய்டுல இலவசம். ஆனா முதல் மாசம் அட்டையிலேயே செய், கையால எழுதறப்ப ஸ்பெல்லிங்கும் படிஞ்சுடும்.