கதண்டா? குளவியா?

கொச்சிக் காயலில் வல்லார்பாடம் என்று ஒரு தீவு. அங்கே தென்னை ஏறுகிறவர் முதலில் மேலே பார்க்க வேண்டும். மட்டை நடுவே பானை போல ஏதாவது தொங்குகிறதா? அது கதண்டுக் கூடு. மலையாளத்தில் கடன்னல் என்பார்கள்.

கதண்டு கருப்பாக இருக்கும். வயிற்றில் மஞ்சள் பட்டை இருக்கும். மரத்தைச் சுரண்டி, மென்று, காகிதம் போலக் கூடு கட்டும்.

வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவி வேறு. அது தனியாக வாழும். புழுக்களைப் பிடித்துக் குஞ்சுக்கு வைக்கும். அதை விட்டுவிடுங்கள். நமக்கு நல்லதுதான் செய்கிறது.

கதண்டுக் கூட்டில் கல் எறியாதீர்கள். பந்தம் கொளுத்தாதீர்கள். ஒன்று கொட்டினால் கூட்டமே பாய்ந்து வரும். தேனீயின் கொடுக்கு நம் தோலில் நின்றுவிடும். கதண்டுக்கு அப்படி இல்லை. திரும்பத் திரும்பக் கொட்டும்.

தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொல்லுங்கள். முன்பு இந்தத் தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். 2004-இல் பாலம் வந்தது. இப்போது வண்டியே வரலாம். கூட்டை இருட்டிய பிறகு அழிப்பதே நல்லது. அப்போது எல்லாம் உள்ளே அடங்கியிருக்கும்.

கொட்டிவிட்டதா? ஓடி விலகுங்கள். கையில் கொட்டினால் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள். சுண்ணாம்பு வேண்டாம். மூச்சுத் திணறினால், முகம் வீங்கினால், பல இடங்களில் கொட்டியிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷம் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சிறுநீர் கருத்துப் போனால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.