நாய்க்குட்டி வளர்ப்பு: வேளைக்கு உணவும் கயிற்றில் நடையும்

தோட்டப்புறங்களில் நாய் வளர்ப்பது புதிதன்று. லயத்து வீட்டுத் திண்ணையிலும் பால் கொட்டகையின் ஓரத்திலும் நாய் படுத்திருப்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். பெரும்பாலும் அவை கட்டில்லாமல் திரிந்து, கிடைத்ததைத் தின்று வளர்ந்தவை. ஆனால் காலம் மாறிவிட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம் பிள்ளைகள் வேலை நிமித்தம் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் குடியேறுகின்றனர். போகும்போது லயத்தில் பிறந்த குட்டியொன்றையும் உடன் கொண்டு செல்வதுண்டு. கயிறு இன்னதென்றே அறியாத குட்டி, வாகனங்கள் இடைவிடாது ஓடும் துன் சம்பந்தன் சாலையில் என்ன செய்யும்? ஆகவே, குட்டி தோட்டத்தில் வளர்ந்தாலும் பட்டணத்தில் வளர்ந்தாலும், முதல் நாளிலிருந்தே இரண்டு ஒழுங்குகளை அதற்குப் பழக்க வேண்டும். ஒன்று, வேளைக்கு உணவு. மற்றொன்று, கயிற்றில் நடை.

தாயிடமிருந்து எப்போது பிரிக்கலாம்?

கண் திறந்தவுடன் குட்டியைத் தூக்கி வந்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இது தவறு. எட்டு வாரமாவது அது தாயிடம் இருக்க வேண்டும். தாய்ப்பால் நோயைத் தடுக்கிறது. உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான் வலிக்கும்படி கடிக்கக்கூடாது என்பதை அது கற்றுக்கொள்கிறது.

வேளைக்கு உணவு

குட்டியின் வயிறு சிறியது, வளர்ச்சியோ வேகமானது. ஆதலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்க வேண்டும். மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், அதன்பின் இரண்டு வேளையும் போதும்.

பால் வெட்டப் போகும் குடும்பம் இந்த ஒழுங்கைத் தன் வேலை நேரத்தோடு பொருத்திக் கொள்ளலாம். விடியுமுன் வேலைக்குப் புறப்படும்போது ஒரு வேளை. வீட்டிலிருக்கும் பெரியவர் கையால் காலை 10 மணிக்கு ஒரு வேளை. வேலை முடிந்து திரும்பியதும் ஒரு வேளை. மாலை ஆறரை மணிக்கு ஒரு வேளை. பகலில் வீட்டில் எவரும் இல்லையென்றால், அந்த வேளையை இரவு ஒன்பது மணிக்கு மாற்றிக் கொள்ளலாம். நேரம் எதுவாயினும் நாள்தோறும் அதே நேரமாக இருத்தல் வேண்டும். உண்டு முடித்த சிறிது நேரத்தில் குட்டி மலம் கழிக்கும். அவ்வேளையில் அதனை வெளியே ஒரே இடத்திற்குக் கொண்டு சென்றால், வீட்டை அசுத்தம் செய்யும் பழக்கம் நாளடைவில் நின்றுவிடும்.

வெறுஞ்சோறும் கஞ்சியும் குட்டிக்குப் போதா. முள் நீக்கிய வேகவைத்த மீன், கோழி இறைச்சி, முட்டை ஆகியவற்றுள் ஒன்றைச் சோற்றுடன் பிசைந்து கொடுக்கலாம். கடையில் விற்கும் குட்டி உணவாயின், பையில் குறித்துள்ள அளவின்படி கொடுக்கலாம். மிளகாயும் உப்பும் சேர்ந்த குழம்புச் சோறு ஆகாது. வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழி எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பதினைந்து நிமிடத்தில் தின்னாமல் மீந்ததை எடுத்துவிடுக. சுத்தமான தண்ணீர் மட்டும் எந்நேரமும் இருக்க வேண்டும். களைக்கொல்லி, எலி மருந்து, பால் உறைய வைக்கும் அமிலம் ஆகியவற்றைக் குட்டிக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுவது அவசியம்.

உடல் மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் அது கொழுப்பன்று, பெரும்பாலும் குடற்புழுவே. இப்புழு வெறுங்காலோடு மண்ணில் விளையாடும் பிள்ளைகளையும் தாக்கக்கூடும். ஆகவே கால்நடை மருத்துவரிடம் புழு மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசியும், பின்னர் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நான்கு மாதம் வரை மற்ற ஊசிகளும் போட வேண்டும்.

கயிற்றில் நடை

முதல் வாரம் வீட்டிற்குள்ளேயே கழுத்துப்பட்டையை மட்டும் அணிவிக்கலாம். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டி வளர வளர வாரந்தோறும் பட்டையைத் தளர்த்துக. பிளாஸ்டிக் கயிற்றைக் கழுத்தில் நேராகக் கட்டினால் அது தசையை அறுத்துவிடும்.

அடுத்து, இலேசான கயிற்றைப் பட்டையில் மாட்டி, நாம் அருகிலிருக்க, ஐந்து நிமிடம் இழுத்துத் திரிய விடலாம். பிறகு கயிற்றைக் கையில் பிடித்து, நம் பக்கமாக வரும்போதெல்லாம் சிறு துண்டு மீன் கொடுக்கலாம். குட்டி முன்னால் இழுத்தால் நாம் நின்றுவிட வேண்டும். கயிறு தளர்ந்ததும் மீண்டும் நடக்க வேண்டும். இழுத்தால் வழி நகராது என்பதை அது சில நாளில் உணர்ந்துகொள்ளும். அடிப்பதாலும் வெடுக்கென இழுப்பதாலும் பயமே வளரும்.

தடுப்பூசிகள் முடியும் வரை, பிற நாய்கள் திரியும் இடத்தில் குட்டியைத் தரையில் விட வேண்டாம். கையில் ஏந்திச் சென்று வாகன ஓசையைப் பழக்கலாம். வெயிலேறிய தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும். புறங்கையைச் சாலையில் வைத்துப் பார்த்து, ஏழு விநாடி பொறுக்க முடியாவிட்டால் நடைக்கு அது நேரமன்று. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஆறரைக்குப் பின்பும் நடப்பது நன்று.

ஏன் இவ்வளவு கவனம்?

2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தோன்றியது. 2017-இல் சரவாக்கில் அது பரவியபோது, முதலில் உயிரிழந்தோர் செரியான் வட்டாரத்துச் சிறு பிள்ளைகள். நோயின் அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாது. நாய் கடித்தால் மஞ்சளோ காப்பித்தூளோ வைத்துக் கட்டாமல், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கயிற்றில் நடக்கும் நாய், பிறரைக் கடிப்பதற்கும் வெறிநாயிடம் கடிபடுவதற்கும் உள்ள வாய்ப்பு குறைவு.

நம் அண்டை வீட்டார் பலர் முஸ்லிம்கள். நாயின் எச்சில் அவர்கள்மீது படாதவாறு கயிற்றைக் குறுக்கிப் பிடிப்பதும், மலத்தைப் பையில் அள்ளுவதும் நல்லிணக்கத்திற்கு நாம் செய்யும் கடமை. நாய்க்கு ஊராட்சி மன்றத்தின் உரிமம் பெற வேண்டும். அடுக்குமாடி வீடாயின் நாய் வளர்க்க அனுமதி உண்டா என முதலிலேயே கேட்டறிய வேண்டும். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 15,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

குட்டியை வீட்டிற்குக் கொண்டு வருமுன், வேளைக்கு உணவளிப்பவர் யார், நடத்திச் செல்பவர் யார் என்பதைக் குடும்பத்தோடு அமர்ந்து முடிவு செய்வோம். அந்தப் பொறுப்பை ஏற்க ஒருவரும் இல்லையெனில், குட்டியைத் தாயிடமே விட்டுவிடுவதுதான் நாம் அதற்குச் செய்யும் நன்மை.