வெங்காய வேரில் 16ஐ எண்ணுவோம்



நீட் எழுதப் போறவங்க செல் பகுப்புப் பாடத்தைப் படம் பார்த்து மனப்பாடம் செய்தால் போதாது. 2025 தேர்வில் 180 கேள்விகளில் 90 உயிரியல். சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. தெரிஞ்ச கேள்வியில் குழம்பினால் 5 மார்க் போச்சு!

திண்டுக்கல் மார்க்கெட்டில் மூட்டை மூட்டையா இறங்குதே சின்ன வெங்காயம், அதுதான் இந்தப் பாடத்துக்கு வாத்தியார். காய்ந்த வேரைச் சுரண்டிவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் படும்படி டம்ளர் வாயில் வையுங்க. சில நாளில் வெள்ளை வேர் வரும். காலையில் நுனியை வெட்டி, லேபில் சார் துணையோடு அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி நசுக்கிப் பாருங்க. பெரும்பாலான செல்கள் சும்மா இருக்கிற மாதிரி தெரியும். சும்மா இல்லை, அதுதான் இடைநிலை. செல் தன் காலத்தில் பெரும்பகுதியைக் கழிப்பது அங்கேதான்.

இனி கணக்கு. வெங்காயத்துக்கு 2n = 16. ஜி1 நிலையில் டி.என்.ஏ. 2சி. எஸ் நிலை முடிந்ததும் 4சி; ஆனால் குரோமோசோம் அதே 16தான்! இங்கேதான் பலரும் 32ன்னு போட்டுடறாங்க. குரோமாட்டிடை எண்ணாதீங்க, சென்ட்ரோமியரை எண்ணுங்க. மெட்டாபேஸில் 16. அனாபேஸில் சென்ட்ரோமியர் பிளந்துவிடும், அப்போதான் ஒரே செல்லுக்குள் 32. பிறகு சேய் செல்லுக்கு 16, டி.என்.ஏ. 2சி.

மியாசிஸ் பார்க்க வேர் உதவாது, பூவின் மகரந்தப்பை வேண்டும். முதல் அனாபேஸில் சென்ட்ரோமியர் பிளக்காது, ஜோடிதான் பிரியும். துருவத்துக்கு 8. இரண்டாவது அனாபேஸில்தான் பிளவு.

புரோபேஸ் 1க்கு ‘லெ-சை-பா-டி-டயா’ன்னு சொல்லிப் பழகுங்க. சைகோட்டீனில் ஜோடி சேரும், பாக்கிட்டீனில் குறுக்கே கலத்தல், டிப்ளோட்டீனில் கயாஸ்மா கண்ணுக்குத் தெரியும்.

தமிழ் மீடியம் நண்பர்களுக்குத் தனியாக ஒண்ணு. வினாத்தாளில் மொழிபெயர்ப்புச் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. அதனால் குன்றல் பகுப்பு என்றால் மியாசிஸ், இணை சேர்தல் என்றால் சினாப்சிஸ் என்று இரண்டு பெயரையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்க.

ஒரு கேள்வி: 100 மகரந்தத்தூளுக்கு 25 மியாசிஸ் போதும். 100 விதைக்கு எத்தனை? பதிலைத் துண்டுச் சீட்டில் எழுதி இந்தத் தாளுக்குக் கீழே செருகுங்க.