மோட்டார்க் காரின் குளிர்சாதனமும் வாயு நிரப்புதலும்

கோடையில் காரின் குளிர்சாதனம் போதிய குளிர்ச்சி தராவிடில், "வாயு தீர்ந்துவிட்டது, நிரப்பினால் சரியாகும்" என்று கூறுவது வழக்கம். இதற்கென்றே சிறு டப்பாக்களில் அடைத்த குளிரூட்டி விற்பனைக்குக் கிடைக்கிறது. வீட்டிலேயே அதனை நிரப்பிக்கொள்வது தகுமா? இவ்வினாவிற்கு விடை காண, சாதனம் இயங்கும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும்.

இயங்கும் முறை

திரவம் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தைக் கவர்கிறது. உள்ளங்கையில் விட்ட ஸ்பிரிட் குளிர்ச்சி தருவது இதனாலேயே. இன்று ஓடும் கார்கள் பலவற்றில் ஆர்-134ஏ என்னும் குளிரூட்டி பயன்படுகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது பூஜ்யத்திற்குக் கீழ் 26 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதிக்கும் இயல்புடையது. கம்ப்ரஸர் இவ்வாயுவை அழுத்திக் காரின் முகப்பிலுள்ள கண்டென்ஸருக்கு அனுப்புகிறது. அங்கு அது வெப்பத்தை இழந்து திரவமாகிறது. பின்னர் ஒரு குறுகிய வால்வு வழியே சென்று, காரினுள் அமைந்த குழாய்ச் சுருளில் ஆவியாகி, உட்காற்றைக் குளிர்விக்கிறது. ஆவி மீண்டும் கம்ப்ரஸரை அடைகிறது.

இச்சுற்றில் குளிரூட்டி பெட்ரோலைப் போலச் செலவாவதில்லை. ரப்பர்க் குழாய்கள், இணைப்புகள் வழியே ஆண்டுக்கணக்கில் சிறிதளவு கசிவது இயல்பு. ஆனால் சில வாரங்களிலோ மாதங்களிலோ குறைந்தால், எங்கோ பழுது உள்ளது என்பது திண்ணம்.

அழுத்தம் வேறு, அளவு வேறு

டப்பாவுடன் வரும் அழுத்தமானியைப் பார்த்து நிரப்பினால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. மூடிய கலத்தில் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்போது, அழுத்தம் உஷ்ணநிலையைப் பொறுத்ததேயன்றித் திரவத்தின் அளவைப் பொறுத்ததன்று. ஆர்-134ஏ-யின் ஆவியழுத்தம் 30 டிகிரியில் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஏழரை மடங்கு. 40 டிகிரியில் ஏறத்தாழ பத்து மடங்கு. கலத்தில் 500 கிராம் இருப்பினும் 200 கிராம் இருப்பினும் இதில் மாற்றமில்லை.

சமையல் எரிவாயு உருளையைக் கொண்டு ஆசிரியர்கள் இதனை எளிதில் விளக்கலாம். உருளையில் பாதி தீர்ந்த பின்னும் அடுப்பு முன்போலவே எரிகிறது. எஞ்சியுள்ள அளவை அறிய உருளையை எடை போடுகிறோம். வெற்று உருளையின் எடை அதன்மீதே பொறிக்கப்பட்டுள்ளது. காருக்கும் நிறுவையே தக்க அளவுகோல்.

சாதனம் ஓடும்போது மானி காட்டும் அழுத்தமும் வெளி உஷ்ணநிலை, எஞ்சினின் வேகம் ஆகியவற்றால் மாறும். வால்வு அடைபட்டிருந்தாலும் மானி குறைவாகவே காட்டும். அந்நிலையில் மேலும் நிரப்புவது கேடாகும்.

மிகையும் குறையும்

அளவு மிகுந்தால் கண்டென்ஸரில் திரவம் தேங்குகிறது. வெப்பம் வெளியேறும் பரப்புச் சுருங்கி, அழுத்தம் உயர்ந்து, குளிர்ச்சியும் குறைகிறது. அளவு குறைந்தாலோ, குளிரூட்டியுடன் சுழன்றுவரும் எண்ணெய் கம்ப்ரஸருக்குப் போதிய அளவு திரும்புவதில்லை. அதனால் கம்ப்ரஸர் தேய்ந்து பழுதாகிறது.

சூழ்நிலையையும் கருதவேண்டும். ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை; ஆயின் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு வெப்பத்தைத் தேக்கவல்லது. அரைக் கிலோகிராம் கசிவது ஏறத்தாழ 300 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஒப்பாகும். இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதற்கான 2016-ஆம் ஆண்டின் கிகாலித் திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது.

செய்யத்தக்கவை

1. காற்று வடிகட்டி, கண்டென்ஸரின் தூசி, விசிறி ஆகியவற்றை முதலில் சோதிக்கவும். பல நேரங்களில் குறை இவற்றிலேயே இருக்கும்.

2. இணைப்புகளில் எண்ணெய்க் கறை உள்ளதா எனக் காணவும். எஞ்சினை நிறுத்தியபின் சோப்பு நுரையைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழ் எழும்.

3. எஞ்சின் மூடியின்கீழ் ஒட்டிய சீட்டில் குளிரூட்டியின் பெயரும் கிராம் அளவும் குறிக்கப்பட்டிருக்கும். வேறு வகையையோ சமையல் எரிவாயுவையோ நிரப்புதல் கூடவே கூடாது.

4. டப்பாவை உயர் அழுத்தப் பக்கத்தில் இணைத்தால் அது வெடிக்கக்கூடும். டப்பாவை நெருப்பில் சூடாக்குதலும் ஆகாது. கண்ணாடியும் கையுறையும் இன்றி இப்பணியில் இறங்கலாகாது. தெறிக்கும் திரவம் கண்ணையும் தோலையும் உறையச் செய்யும்.

கசிவு தென்பட்டால் வீட்டு முயற்சி பயன் தராது. பட்டறையில் எஞ்சிய வாயுவை வெளியே விடாமல் கலத்தில் சேகரித்து, கசிவை அடைத்து, வெற்றிடப் பம்பினால் காற்றையும் ஈரத்தையும் அகற்றவேண்டும். அழுத்தம் காற்றழுத்தத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கிற்குக் கீழ் தாழும்போது, நீர் 30 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். அதன்பின் குறித்த அளவை நிறுத்து நிரப்புவர். டப்பாவால் நிரப்புவோர் உள்ளே எஞ்சியிருப்பதை அறியார். ஆதலின் மொத்த அளவையும் அறியார். ஆகவே, கசிவை அடைத்த பின்னரே, நிறுத்து நிரப்புக என்பதே இப்பாடத்தின் சாரம்.