எண்ணெய் மட்டமும் மலைச் சரிவும்

கள்ளக்குறிச்சியினின்று மேற்கே நோக்குவோர்க்குக் கல்வராயன் மலை வானத்தின் அடியில் நீலக் கோடு போலத் தோன்றும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய அது, பெரும்பாலும் 2000 முதல் 3000 அடி வரை உயர்ந்துள்ளது. கச்சிராயபாளையம், கோமுகி அணை ஆகியவற்றைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதை வளைவும் சரிவும் மிக்கது. அப்பாதையில் யாம் செய்த பிழை ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணம். மோட்டார் வண்டியின் எண்ணெயை அளத்தல் கல்லூரி மலரில் எழுதத்தக்க பொருளோ என்று நண்பர் சிலர் வினவக்கூடும். அளவு எடுத்தல் யாதாயினும் அது கல்வியின் பாற்பட்டதே என்பது எம் கருத்து.

சில ஆண்டுகட்கு முன் நண்பர் ஒருவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் அம்மலைக்குச் சென்றோம். இருவரே அமரத்தக்க அவ்வண்டியை அவர் தம் பிள்ளையைப் போலப் பேணி வந்தார். மலைப்பாதையின் நடுவே, வண்டியின் முகம் மேல்நோக்கியிருக்க, ஓரிடத்தில் நிறுத்தினோம். எஞ்சினை நிறுத்திய மறுகணமே டிப் ஸ்டிக் என்னும் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தோம். எண்ணெய் கீழ்க்குறியையும் எட்டவில்லை. திடுக்கிட்டு, உடன் கொண்டுசென்ற எண்ணெயில் முக்கால் லிட்டருக்கு மேல் ஊற்றிவிட்டோம். பின்னர்ப் புறப்பட்டபொழுது வண்டியின் பின்னே நீலப்புகை எழுந்தது. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளும் நிலையாது ஆடிற்று. ஒருவாறு வெள்ளிமலையை அடைந்து, சமதளத்தில் நிறுத்தி, அங்கிருந்த முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்தோம். அவர் எதனையும் தொடாமல் கால் மணி நேரம் காத்திருந்தார். பின் கம்பியைத் துடைத்து விட்டு எடுத்தார். எண்ணெய் மேற்குறிக்கும் மேலே நின்றது. “ஐயா, கம்பியின்மேல் குற்றமில்லை. வண்டி சாய்ந்து நின்றதை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை” என்றார். மிகுந்த எண்ணெயை அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு பாத்திரத்தில் வடித்த பின்னரே நண்பரின் முகம் தெளிந்தது. எஞ்சின் அன்று பிழைத்தது. எனினும் அதன் பின்புற அடைப்பில் எண்ணெய் கசியத் தொடங்கியது. அதனைச் சீர்செய்ய எஞ்சினையே கழற்ற வேண்டியதாயிற்று.

இப்பிழை எங்ஙனம் நேர்ந்தது என்பதை இனி ஆராய்வோம். பெரும்பாலான பழைய வண்டிகளில் எண்ணெய் எஞ்சினின் அடியிலுள்ள சம்பு என்னும் தொட்டியில் தங்கும். பம்பு ஒன்று அதனை உறிஞ்சிப் பேரிங்குகளுக்கும் ஏனைய உறுப்புகளுக்கும் செலுத்தும். அங்கே மெல்லிய படலமாக நின்று, உலோகம் உலோகத்தோடு உராயாமல் அது காக்கும். உஷ்ணத்தையும் அழுக்கையும் ஏந்திக்கொண்டு மீண்டும் தொட்டிக்கே வடியும். எண்ணெய் குறைந்தால் வளைவில் திரும்பும்பொழுது அது ஒருபுறம் ஒதுங்க, பம்பின் வாய் காற்றை உறிஞ்சும். சில விநாடிகளுக்குள் பேரிங் தேய்ந்துபோகலாம். எண்ணெய் மிகுந்தாலோ, சுழலும் கிராங்க் ஷாப்ட் அதனைக் கடைந்து நுரையாக்கும். நுரைத்த எண்ணெய் பேரிங்கைத் தாங்காது. ஆகவே குறைவும் தீது, மிகையும் தீது.

தொட்டி சாய்ந்தாலும் எண்ணெயின் மேற்பரப்புச் சாயாது. தண்ணீரைப் போலவே அதுவும் மட்டமாக நிற்கும். ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். அளவுக்கம்பி தொட்டியின் நடுவினின்று முன்புறம் 15 செ.மீ. தள்ளி இருப்பதாகவும், வண்டி பத்தடிக்கு ஓரடி உயரும் சரிவில் முகம் மேலாக நிற்பதாகவும் கொள்வோம். அப்பொழுது கம்பியினிடத்தில் எண்ணெய் 15 செ.மீ.யில் பத்தில் ஒரு பங்கு, அஃதாவது 1.5 செ.மீ. தாழ்ந்து காட்டும். இரு குறிகளுக்கும் இடைவெளி 2 செ.மீ. என்றும், அவ்விடைவெளி ஒரு லிட்டரைக் குறிக்கும் என்றும் வைத்துக்கொண்டால், உள்ளே ஒரு துளியும் குறையாதிருக்க முக்கால் லிட்டர் குறைந்ததாகவே கண்ணுக்குப் புலப்படும். யாம் ஏமாந்தது இங்ஙனமே. வண்டியின் முகம் கீழ்நோக்கி நின்றிருப்பின் இதற்கு மாறாக, குறைந்த எண்ணெயும் நிறைந்ததாகத் தோன்றியிருக்கும். அது இதனினும் கொடிது. ஏனெனில் அப்பொழுது ஐயமே எழாது.

சரிவோடு காலமும் உஷ்ணமும் சேர்கின்றன. எஞ்சின் ஓடும்பொழுது எண்ணெயின் ஒரு பகுதி மேற்பாகத்திலும் வழிகளிலும் பரவியிருக்கும். நிறுத்திய உடனே பார்த்தால் அப்பகுதி கணக்கில் வாராது. அது வடிந்து சேர ஐந்து முதல் பத்து நிமிஷம் வேண்டும். மேலும் எண்ணெய் சூட்டில் விரியும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ பதினாயிரத்தில் ஏழு பங்கு எனக் கொண்டால், 4.5 லிட்டர் எண்ணெய் 30 டிகிரியினின்று 90 டிகிரிக்குச் சூடேறும்பொழுது ஏறக்குறைய 190 மில்லி லிட்டர் பெருகும். ஆதலின் குளிர்ந்த நிலையில் பார்ப்பதா, சூடான நிலையில் பார்ப்பதா என்பதை அவ்வண்டியின் கையேடு கூறியபடியே செய்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் பார்த்தல் வேண்டும்.

இனி முறையைக் கூறுவோம். முதலாவது, வண்டியை மெய்யான சமதளத்தில் நிறுத்துக. கள்ளக்குறிச்சிப் பக்கத்து அரிசி ஆலைகளின் சிமெண்டுக் களங்கள் மட்டமானவைபோலத் தோன்றும். மழைநீர் வடிவதற்கென அவற்றிற்கும் சிறிது வாட்டம் கொடுத்திருப்பதுண்டு. கொத்தனாரின் ரசமட்டம் ஒன்று இருப்பின் ஐயம் தீரும். இரண்டாவது, எஞ்சினை நிறுத்திக் காத்திருக்க. மூன்றாவது, கம்பியை உருவி, நூல் பிரியாத துணியால் துடைக்க. முதன்முறை எடுக்கும்பொழுது காணும் கறை, தெறித்த எண்ணெயின் கறையே. நான்காவது, கம்பியை அடிவரை செருகி மீண்டும் எடுத்து, இருபுறமும் நோக்குக. இருபுறமும் வேறுபடின் தாழ்ந்ததையே கொள்க. ஐந்தாவது, குறைந்திருப்பின் 200 மில்லி லிட்டர் அளவாகச் சிறிது சிறிதாக ஊற்றி, சில நிமிஷம் பொறுத்து, மறுபடியும் பார்க்க. மேற்குறியைத் தாண்டலாகாது. அழுத்தம் காட்டும் முள்ளை நம்பி இவற்றை விடுதலும் கூடாது. அது அழுத்தத்தைக் காட்டுமேயன்றி அளவைக் காட்டாது.

1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் செய்யப்பெற்ற எம்.ஜி. டி.சி. போன்ற வண்டிகளுக்கு இம்முறை பொருந்தும். நம் சென்னையில் 1961-ஆம் ஆண்டு முதல் செய்யப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும், அதன் சட்டகத்தைத் தழுவி 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஸ்பிட்பயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதுவே முறை. ஹெரால்டின் முகப்பு முழுவதும் முன்புறமாகக் கவிழ்ந்து திறக்குமாதலின் எஞ்சினை எளிதில் அணுகலாம்.

ஆயினும் இம்முறையை எல்லா வண்டிக்கும் விதியெனக் கொள்வார் வேறொரு பிழையில் வீழ்வர். 1964-இல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கி, காற்றால் குளிரும் எஞ்சினோடு 1998 வரை செய்யப்பெற்ற போர்ஷே 911 வண்டியில் எண்ணெய் எஞ்சினுக்கு அடியில் தங்குவதில்லை, தனித்தொட்டியில் தங்கும். அடியில் வடியும் எண்ணெயை ஒரு பம்பு உடனுக்குடன் உறிஞ்சித் தொட்டிக்கு அனுப்பும். வேகமாக வளையும்பொழுது எண்ணெய் ஒதுங்கிப் பம்பு வறளாதிருப்பதற்கே இவ்வேற்பாடு. இவ்வண்டியை நிறுத்திவைத்தால் தொட்டியின் எண்ணெய் மெல்ல எஞ்சினுக்குள் இறங்கிவிடலாம். அப்பொழுது கம்பியைப் பார்ப்பவர் குறைவு என்று எண்ணி ஊற்றுவார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் தொட்டி நிரம்பி, மிகுந்த எண்ணெய் காற்றுக்குழாய் வழியே புகுந்து புகையாகும். ஆகவே இவ்வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் நன்கு சூடேறி மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே அளத்தல் வேண்டும். முன்னதற்கு நிறுத்துதல் விதி. இதற்கு ஓட்டுதல் விதி. காரணம் அறிந்தவருக்கு இரண்டும் ஒன்றே. எண்ணெய் தான் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும்பொழுது அளக்க வேண்டும் என்பதே அவ்விரண்டின் பொருள்.

மாணவ நண்பர்காள்! நம் உழவர் நாற்று நடுமுன் வயலில் நீர் பாய்ச்சிப் பரம்படித்து மட்டம் பார்க்கின்றனர். மேடு பள்ளம் இன்னதென நீரே காட்டும் என்பதை அவர் அறிவர். பரிசோதனைச் சாலையில் அளவுக் குழாய்களைக் கையாளும் நீங்களும், கருவி காட்டும் எண்ணைக் குறிக்குமுன் அது எந்நிலையில் நிற்கின்றது என்பதை நோக்குங்கள். மலைப்பாதையில் யாம் அவசரப்படாது அரைமணி நேரம் பொறுத்திருப்பின் ஒரு நண்பரின் வண்டி பழுதுறாது இருந்திருக்கும். அவர் எம்மை ஒரு சொல்லும் கடிந்துரைத்திலர். வெள்ளிமலை மெக்கானிக் வடித்தெடுத்த அவ்வெண்ணெயை ஒரு புட்டியில் ஊற்றி, எம் மேசைமேல் வைத்துக்கொள்ளும்படி தந்தார். அது இன்றும் அங்கே இருக்கின்றது.