கடிகாரமும் கதிரவனும்

குளிர்கால மலைப்பயணம் என்றதும் இமயத்தின் வெண்பனிப் பாதைகளே பலரது நினைவில் எழுகின்றன. அந்தமானில் பனி பொழிவதில்லை. ஆயினும் இமயமும் அந்தமானும் உறவுடையவை. இந்திய நிலத்தட்டு வடக்கே மோதியதால் இமயம் உயர்ந்தது. கிழக்கே அது பர்மாத் தட்டின் அடியில் புகுந்ததால் இத்தீவுத் தொடர் எழுந்தது. மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலில் மூழ்கிச் சுமத்ராவை நோக்கிச் செல்கையில் ஆங்காங்கே தலைகாட்டும் முகடுகளே இந்தத் தீவுகள். அவற்றுள் மிக உயர்ந்தது வட அந்தமானில் உள்ள சாடில் பீக். உயரம் 732 மீட்டர்.

ஏற்காட்டிற்கும் உதகைக்கும் பேருந்தில் சென்று பழகியவர்களுக்கு இந்த எண் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அங்கெல்லாம் உயரத்தின் பெரும்பகுதியைப் பேருந்தே ஏறிவிடுகிறது. இங்கோ கடல்மட்டத்தில் காலை ஊன்றி, ஒவ்வொரு மீட்டரையும் நடந்தே ஏறவேண்டும். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கப்பட்டு, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட தலைநகரிலிருந்து சாலைவழியே வடக்கு நோக்கித் திக்லிப்பூரை அடைந்து, வனத்துறையின் அனுமதியுடன் லாமியா விரிகுடாவில் நடையைத் தொடங்குகின்றனர். பாதையின் முற்பகுதி கடற்கரையை ஒட்டியது. பிற்பகுதி அடர்ந்த பசுமைமாறாக் காட்டினூடே செல்லும் ஏற்றம். ஒரு வழிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர்.

மழை ஓய்ந்த குளிர்காலமே இதற்கு ஏற்ற பருவம். ஆனால் பகல் குறைந்திருப்பதும் அப்போதுதான். நமது நாட்டின் பொதுநேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. திக்லிப்பூரோ 93 பாகையை ஒட்டியது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே அங்கே கதிரவன் கடிகாரத்தைவிட ஏறத்தாழ 42 நிமிடம் முந்திச் செல்கிறான். டிசம்பர் நடுவில் சென்னையில் மாலை 5.40ஐத் தாண்டி மறைபவன் இங்கு ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறான். பாதை மலையின் கிழக்குப் பக்கம் இருப்பதால், அதற்கும் முன்னரே வெயில் முகட்டின் பின்னே போய்விடும். கையில் உள்ள கடிகாரம் "இன்னும் நேரம் இருக்கிறது" என்கிறது. காட்டின் தரை இருளத் தொடங்குகிறது.

நண்பர் குழு ஒன்று ஏறுகிறது எனக் கொள்வோம். பாதி ஏற்றத்தில் ஒருவர் களைத்து அமர்ந்து, "நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்கிறார். இது பெருந்தன்மையான சொல். அதைக் கேட்கும் மற்றவர்களின் நிலைதான் ஆராயத்தக்கது. சிகரத்தை விரும்பும் மனம் அச்சொல்லை உடனே அனுமதியாக ஏற்கிறது. "அவரே சொல்லிவிட்டாரே!" தன் ஆசைக்கு நண்பரின் அன்பையே சான்றாகக் காட்டுகிறது. ஏற்றத்தின் நடுவே மனம் நீதிபதியாக இருப்பதில்லை, வழக்கறிஞராகிவிடுகிறது.

எனவே திரும்ப வேண்டிய நேரத்தைச் சிகரத்தை நெருங்கியபின் முடிவு செய்யலாகாது; ஆசை இன்னும் சூடேறாத அதிகாலையில், கடற்கரையிலேயே அனைவரும் கூடி உறுதி செய்துகொள்ள வேண்டும். களைப்படைந்தவரைக் கடைசியில் விடாமல் முன்னே நடக்கவிட வேண்டும். கடைசியில் வருபவர் மற்றவர்களை எட்டிப் பிடித்ததும் அவர்கள் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார்கள். ஓய்வு மிகவும் தேவைப்படுபவருக்கே ஓய்வு கிடைக்காமற் போகும். இறக்கத்தில் அவரது முழங்கால் மேலும் தளரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அக்குழுவின் உண்மையான கடிகாரம் அவர் காலடியே.

இமயத்திலும் இதே ஒழுங்குதான். இரவில் இறுகிய பனி வெயிலில் இளகுமுன் கடந்துவிட வேண்டும் என்பதால் விடியுமுன் புறப்படுகின்றனர். குறித்த நேரம் வந்தால் முகடு கண்ணெதிரே இருப்பினும் திரும்பிவிடுகின்றனர். எது நிலைத்தது, எது தோற்றம் எனப் பகுத்தறிதலை விவேகம் என்பர் வேதாந்திகள். நண்பனின் சோர்ந்த முகத்தையும் மரங்களுக்கிடையே தெரியும் சிகரத்தையும் ஒருங்கே பார்த்து நிற்பவனுக்கு அது நூற்சொல்லாக இருப்பதில்லை.

பாதியில் திரும்பியவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே கடற்கரையை அடைகின்றனர். களைத்தவர் முன்னே நடக்கிறார். ஏறாமல் விட்ட மலையின் நிழல் அவர்களைக் கடந்து, அலைகளின்மேல் நீண்டு கிடக்கிறது.